தார் பூசிய கூடை

மச்சான்,

இன்று காலை குமணன்சாவடியில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பாதித் தலை முடிந்து மீதித் தலைக்குக் கத்தரி வரும் நேரம். கடையில் வழக்கம்போல ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மந்திரிசபை, அரிசி ரேஷன், துணித் தட்டுப்பாடு எல்லாம் ஆன பிறகு, மூலையில் கிடந்த ஒரு சின்னச் செய்திக்கு வந்தார். வங்காளக் குடாக்கடலில் புயல் சின்னம் தெரிகிறதாம். சென்னைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். படித்து முடித்து நிதானமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு சுட்டது. துண்டை உதறிவிட்டு எழுந்தேன். "இன்னாண்ணே, பாதித் தல அப்டியே கீது, எங்க போற?" என்று கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். போய்த் தொலைகிறது என்று நடந்தேன்.

வெளியே வந்தால் ரோட்டில் தார் காய்ச்சுகிறார்கள். யுத்தத்தின்போது ஆவடிக்குப் போன பட்டாளத்து லாரிகள் பெயர்த்துப்போட்ட குழிகளை இப்போதுதான் அடைக்கிறார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ஹார்பரிலிருந்து நீ வரும்போதெல்லாம் உன் காக்கிச் சட்டையில் அடிக்கும் அதே நாற்றம். உன்னோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ சிரிப்பாய். நான் நடுரோட்டில் பாதித் தலையோடு நின்றேன். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதுவதற்கு என்ன அவசியம்? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு. இப்போது எழுதுகிறேன் என்றால் பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. திட்டுவதற்குத்தான் எழுதுகிறேன். பாதி ஊரை, பாதி உன்னை.

என் தங்கை பாக்கியத்தை நீ கட்டுவதற்கு முன்பே எனக்கு நீ மச்சான்தான். நமக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம், பிறகு அது நிஜமாயிற்று. நிலத்தை அண்ணன்மார் பங்குபோட்டுக்கொண்டதில் உனக்கு வரப்புதான் மிஞ்சியது. ஹார்பருக்குப் போய்க் கலாசியாகச் சேர்ந்தாய். கொடிமரத்தடியில் வேலை. கப்பல்களுக்குக் கொடி ஏற்றுவது, இறக்குவது, விளக்குத் துடைப்பது. ஐப்பசி வந்தால் புயல் கூண்டு. மூங்கிலில் பின்னி, கான்வாஸ் சுற்றி, கறுப்புப் பூசிய பெரிய கூண்டுகள். அதை ஏற்றும்போது கயிற்றின் ஒரு முனை உன் கையில் இருக்கும் என்று சொல்லிக்கொள்வதில் உனக்கு ஒரு கர்வம். "நான் இஸ்தா ரங்கூன் கப்பலே நிக்கும் மச்சான்" என்பாய். "நீ இழுத்தால் கோமணம்கூட நிற்காது" என்று நான் சொல்வேன்.

நம் ஊருக்கு அந்தக் கூண்டு எதற்கு என்று வெளியூர்க்காரன் கேட்பான். நம்மில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நமக்குக் கூண்டு வேண்டும். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறுவதற்குக் கலங்கல் இருக்கிறது. அதன்மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கிறது. நாம் என்ன செய்வோம்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்போம். சர்க்கார் கூடாது என்று சொல்லும், நாம் அடைப்போம். அப்படி அடைத்தால் ஏரி முழுக்க முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். சம்பா கதிர் பால் பிடிக்கும்போது அந்த முழங்கால் தண்ணீர்தான் நமக்குச் சோறு. ஆனால் புயல் அடித்துக் கொட்டிற்று என்றால் அந்த அடைப்பே எமன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும்.

ஆகையால் புயல் வருமென்றால் முன்கூட்டியே அடைப்பை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு புயல் வராமல் போனாலோ, தண்ணீரும் போயிற்று, பயிரும் போயிற்று. எடுப்பதா, விடுவதா? ஐப்பசியும் கார்த்திகையும் நம் ஊருக்கு இந்த ஒரு கேள்விதான். மழை கொட்ட வேண்டும், கரை உடையக் கூடாது. நம் ஊர் சாமிக்கு எந்த வரத்தைக் கொடுப்பது என்றே குழப்பமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ பாக்கியத்தின் கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கூடையில் ஓட்டையே தெரியாதபடி அப்பித் தார் பூசினாய். ஏரிக்கரைப் பனைமரத்தின் உச்சியில் கிணற்று ராட்டினம் ஒன்றைக் கட்டிக் கயிறு கோத்தாய். ஹார்பரில் கூண்டு ஏறினால் வேலை முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடித்து நீ வருவது, விடிந்ததும் பனைமரத்தில் கூடையை ஏற்றுவது, வயலில் இருப்பவன் எங்கிருந்து நிமிர்ந்தாலும் தெரிவது, இதுதான் உன் ஏற்பாடு. பாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாய்யா இது? கோழிய எங்க கவுக்கறது? உன் மடியிலயா?" நீ அசரவில்லை. "கோழி எங்கயாச்சும் பொயச்சிக்கும். ஊரு பொயைக்க வாணாமா?" என்றாய்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ ஒருநாளும் புயல் வரும் என்று சொன்னதில்லை. கூடையை ஏற்றிவிட்டு இறங்கும்போது யாராவது வந்து "வருமா?" என்று கேட்டால், "வந்தாலும் வரும்" என்பாய். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. கூண்டு ஏற்றச் சொல்லும் துரைக்கே அவ்வளவுதான் தெரியும் என்று எனக்கு விளக்கினாய். கடலில் அது திரும்பும், நிற்கும், கரையைத் தொடாமலே செத்துப்போகும். அதனிடம் யாரும் எழுதி வாங்கவில்லை. கேட்டவர்கள் காதில் 'வரும்' மட்டும் விழுந்தது, 'வந்தாலும்' விழவேயில்லை.

யுத்தத்துக்கு முந்தி எத்தனையோ தடவை கூடை ஏறிற்று. சில தடவை கொட்டித் தீர்த்தது, சில தடவை ஒரு தூறல்கூட இல்லை. வராதபோதும் ஊர் பெரிதாக உன்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் பேப்பரும் அதையேதான் போட்டிருக்கும். பேப்பரைத் திட்டுவார்கள், சர்க்காரைத் திட்டுவார்கள், அதில் உனக்கும் ஒரு பங்கு சிரித்துக்கொண்டே விழும். பூந்தமல்லிக் கடைத்தெருவில் பார்த்தால் புடவைக் கடைக்காரர், வண்டிக்காரர், சர்ச் வாத்தியார் எல்லோரும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஏரியும் இல்லை, கப்பலும் இல்லை. எதற்கு இதைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியாது. இப்போது எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது. புயலைத் திட்ட முடியாது. அதற்குக் காது கிடையாது. அது வருவதற்கு முன்பே திட்டுவதற்கு ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் மனிதன் புயலைக் கவனிக்கிறான். மற்றதெல்லாம் சும்மா.

யுத்தம் வந்தது. பேப்பரில் காற்று, மழை என்ற பேச்சையே நிறுத்திவிட்டார்கள். புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஜப்பான்காரன் அதற்குத் தகுந்தபடி கப்பலை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவானாம். ஹார்பரில் கூண்டு ஏற்றுவதுகூட இல்லை, கப்பல்காரர்களிடம் காதோடு காதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்றாய். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவோம் என்று உங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது உன் குரல் தாழ்ந்துபோனது. உன்னை அப்படி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் நீ வந்து இறங்கினாய். முகமெல்லாம் புகை. நேராக என் வயலுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தாய். "மச்சான், கப்பலையெல்லாம் வெளிய அனுப்பிகினு கீறானுங்க" என்றாய். கரையில் கட்டிக்கிடந்தால் புயலில் மோதி உடையும், ஆகவே நடுக்கடலுக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கும் புரிந்தது. இருவரும் ஏரியைப் பார்த்தோம். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "ஏத்துனா மாட்டிக்குவ" என்றேன். "ஏத்தலன்னா?" என்றாய். எழுந்து போய் ஏற்றினாய். நானும் கயிற்றைப் பிடித்தேன்.

ஊர் திரண்டு போய் அடைப்பை எடுத்தது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடிற்று. ஏரி முழங்கால் உயரம் இறங்கிற்று. நாம் வானத்தைப் பார்த்தோம். புயல் வடக்கே திரும்பி நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. நமக்கு ஒரு சொட்டு இல்லை. கார்த்திகையும் பொய்த்தது. தை பிறப்பதற்குள் ஏரி வறண்டு, பால் பிடித்த கதிர் பாலோடு காய்ந்தது. என் வயலும்தான் காய்ந்தது. நான் உன்னைத் திட்டவில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. திட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஆனால் மற்றவர்களுக்குத் தெம்பு இருந்தது. பேப்பர் வாயை மூடிக்கொண்டிருந்தது, சர்க்கார் வாயை மூடிக்கொண்டிருந்தது. அவர்கள் பங்கும் சேர்த்து முழுவதும் உன் தலையில் விழுந்தது. கிணற்றடியில் பாக்கியத்தை நிற்கவிடவில்லை. மணியக்காரர் உன் வீட்டு வாசலில் வந்து நின்று ஊர் கேட்கக் கத்தினார்: "கொடி புடிக்கற நாய்க்கு இன்னாடா தெரியும் கடலப் பத்தி? ஊரையே காய வெச்சிட்டியேடா பாவி!" நீ உள்ளேயிருந்து வெளியே வந்தாய். "வந்தாலும் வரும்னு தானே நைனா சொன்னேன்" என்றாய். கைகட்டிக்கொண்டு சொன்னாய். அப்படிக் கைகட்டி நின்றதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? பூந்தமல்லிக்குப் போய், ஹார்பர் சமாசாரத்தை மரத்தில் ஏற்றி ஊருக்குக் காட்டுகிறான் என்று போலீசில் சொல்லிவிட்டு வந்தார். ஜப்பான்காரனுக்கு அடையாளம் காட்டினாய் என்று கேஸ் வைத்தார்கள். நம் ஊர்ப் பனைமரத்துக் கோழிக்கூடையைப் பார்த்து ஜப்பான்காரன் கப்பல் ஓட்டுவானாம்! கேட்டால் சிரிப்பு வரும். பூட்ஸ் காலால் உன்னை மிதித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாட்சி சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்தக் கூடையைப் பார்த்து அடைப்பை எடுக்க ஓடியவர்கள். அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்தக் கூடையால் பிழைத்தவர்கள்.

வேலை போயிற்று. லாக்கப்பிலிருந்து வந்தபோது இடது கை தோளுக்குமேல் ஏறவில்லை. கயிறு இழுக்கிற கை. கூடையைப் பனையிலிருந்து இறக்கி வந்து பாக்கியத்திடம் கொடுத்து, "இந்தா, உன் கோழிக்கு" என்றாய். அவ்வளவுதான். அதன்பிறகு ஊரில் யாரோடும் நீ பேசவில்லை. என்னோடு பேசினாய், ஆனால் பேச்சில் நீ இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பட்டணம் போய் ஹார்பர் வாசலில் நின்று பழையபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வருவாய். திரும்பி வரும்போது உன் சட்டையில் அந்த நாற்றம் இருக்காது. சுத்தமாக இருப்பாய். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

அடுத்த வருஷம், அதே ஐப்பசி. போன வருஷம் தண்ணீர் போன பயத்தில் ஊர் கலங்கல் அடைப்பை இன்னும் உயர்த்திக் கட்டியிருந்தது. ஏரி கல்லுக்குமேல் நின்றது. அன்று மாலை நீ பட்டணத்திலிருந்து வந்தாய். உன் வீட்டில் என்னோடு சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ ஊர்வம்பு சொல்வதுபோலச் சொன்னாய்: "ராயபுரத்தாண்ட கட்டுமரத்தையெல்லாம் ரோடு வரைக்கும் இஸ்து போட்டுகினு கீறானுங்க மச்சான்." எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "அப்டின்னா கூடைய ஏத்துடா" என்றேன். நீ தண்ணீர் குடித்தாய். "நான் இன்னா கலாசியா?" என்றாய்.

கெஞ்சினேன். கூடையை என்னிடம் கொடு, நான் ஏற்றுகிறேன் என்றேன். "என் கூடைய எவனும் தொட வாணாம்" என்று எழுந்துவிட்டாய். பாக்கியமும் சொல்லிப் பார்த்தாள். "நான் ஏத்துனா வராதுன்னு சொல்லுவானுங்க, ஏத்தலன்னா நிம்மதியா தூங்குவானுங்க. தூங்கட்டும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் நேராக மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். கட்டுமரச் சமாசாரத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போன வருசம் காஞ்சது பத்தலியாப்பா உனுக்கு? மச்சானும் மச்சானும் சேந்து ஊர மொட்டையடிக்கலாம்னு பாக்கறீங்களா? போய் வேலயப் பாரு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றினேன்.

காலையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றிற்று. காற்று கூரைகளைத் தூக்கி அடித்தது. நான் என் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு முன்பு ஏரிப் பக்கத்திலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. கலங்கல் பாய்கிறது! அடைத்துவைத்த கலங்கல் எப்படிப் பாயும் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உன் வீட்டுக்கு ஓடினேன். பாக்கியம் நனைந்துகொண்டு வாசலிலேயே நின்றாள். கோழிகள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தன. "விடிஞ்சதும் கடப்பாறையும் கூடையும் எடுத்துகினு போனாரு அண்ணே. எங்கன்னு கேட்டேன். வாயே தொறக்கல" என்றாள்.

கடப்பாறை கலங்கல் கல் இரண்டுக்கு நடுவே செருகியபடி நின்றது. அடைப்பில் பாதி பெயர்ந்திருந்தது. நடுவில் உள்ளது, கனமான பகுதி. அங்கே இருவர் நின்று, ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி மற்றவர் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. நீ ஒற்றைக் கையோடு தனியாகப் போய் எடுத்திருக்கிறாய். கூடை கீழே தாழம்புதரில் சிக்கிக் கிடந்தது. மழை விட்ட பிறகு உன்னைக் கண்டெடுத்தோம், மணியக்காரரின் வயலில். தண்ணீருக்கும் கிண்டல் தெரிந்திருக்கிறது.

கரை நின்றது. பக்கத்து ஊர் ஏரி உடைந்து அங்கே பாதித் தெரு போயிற்று. நம் ஊரில் ஒரு ஆடுகூடச் சாகவில்லை. நீ மட்டும்தான். ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? கலங்கல் பாய்ந்ததும் மீன் பிடிக்கப் போனாயாம், வழுக்கி விழுந்தாயாம். கூடை கிடந்ததே, அது சாட்சியாம். கடப்பாறை எதற்கு என்று கேட்டேன். கல்லிடுக்கில் விலாங்கு குத்துவதற்காம். மச்சான், அந்தக் கூடை முழுக்கத் தார். ஒரு சொட்டு ஒழுகாது. அதில் மீனை வாரினால் தண்ணீர் எப்படி வடியும்? தார் பூசிய கூடையில் எவன் மீன் பிடிப்பான்? நீ அடைப்பிலிருந்து வாரிப்போட்ட களிமண்ணும் வைக்கோலும் அடியில் அப்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் கையால் தோண்டி எடுத்துக் காட்டினேன். "வெள்ளத்துல எல்லாமே சேறுதாம்பா" என்றார் மணியக்காரர். போலீசிலும் மீன் என்றே எழுதிக்கொண்டார்கள். மீன் என்றால் யாரும் உனக்குக் கடமைப்பட வேண்டியதில்லை பார்.

அந்த வருஷம் நல்ல விளைச்சல். மணியக்காரர் கரை நின்றதற்கு அம்மனுக்குக் கிடா வெட்டினார். உன் வீட்டுக்கும் ஒரு பங்கு கறி வந்தது. பாக்கியம் அதைத் தெருநாய்க்குப் போட்டாள். நாயும் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

ஊரைத் திட்டியாயிற்று. இனி உன்னை. எதற்காக இந்த வீம்பு? ஊருக்குச் சொல்லமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தாய், சரி. அப்படிப் படுத்தவன் படுத்தே கிடந்திருக்க வேண்டும். அது ஒரு வழி. இல்லையென்றால் எழுந்து கூடையை ஏற்றியிருக்க வேண்டும். பத்துப் பேர் சிரித்திருப்பார்கள், நாலு பேராவது வந்திருப்பார்கள். இரண்டும் இல்லாமல் இதென்ன மூன்றாவது வழி? அவர்களைக் காப்பாற்றவும் வேண்டும், அவர்களிடம் கேட்கவும் கூடாது. அப்படி ஒரு ரோஷம் உனக்கு எதற்கு? உன் ரோஷத்துக்குப் பாக்கியம் தாலி அறுத்தாள். அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் மன்னிக்கவில்லை.

இன்று மதியம் வந்தார் மணியக்காரர். கடையில் படித்த செய்தி எனக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டிருக்கிறது. என் பாதித் தலையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பேப்பர்லயே போட்டுட்டானாமேப்பா. உன் மச்சான் வெச்சிருந்தானே கூட, அது கீதா? நீ ஒண்ணு ஏத்துனா ஊரு பாத்துக்கும். முன்னெல்லாம் எவ்ளோ சௌகரியமா இருந்துச்சு!" என்றார். சௌகரியம்! அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் மண்வெட்டியைத் தேடினேன். "மீன் புடிக்கற கூடைதானே அது? அத ஏத்துனா மீனா கொட்டும்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட்டார் என்று சொல்லமாட்டேன். செருப்பைப் பார்த்தார்.

உன் கூடைக்கு அடியில் அப்போதும் கோழிகள் இருந்தன. நீ போன பிறகு என் வீட்டோடு இருக்கும் பாக்கியம் சத்தம் கேட்டு வந்தாள். அவரைப் பார்க்கவேயில்லை. குனிந்து கூடையைத் தூக்கினாள், கோழிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏத்துண்ணே" என்றாள். "இவனுங்களுக்காடி?" என்று கத்தினேன். "இவனுங்களுக்கு இல்ல. அவரு ஏத்தாம போனாரே, அதுக்கு" என்றாள்.

ரோட்டுக்காரர்களிடம் ஒரு கொட்டாங்கச்சித் தார் கேட்டு வாங்கிவந்து கூடைக்குப் பூசினேன். ராட்டினம் துருப்பிடித்துக் கத்திற்று. ஏற்றிவிட்டேன். ஒருவன் மறுபேச்சுப் பேசவில்லை. கடப்பாறையும் கயிறுமாகக் கலங்கலுக்குப் போய், ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசி, அடைப்பை எடுத்துவிட்டு வந்தார்கள். பேப்பரில் வந்தால் எவ்வளவு சுலபம் பார்.

இப்போது சாயங்காலம். காற்றே இல்லை. வானம் துடைத்த மாதிரி இருக்கிறது. இது வடக்கே போய்விட்டாலும் போய்விடும். அப்படிப் போனால் உன்னைத் திட்டிய அதே வாயால் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அன்று நானும்தானே கயிற்றைப் பிடித்தேன், எல்லாவற்றையும் நீயே வாங்கிக்கொண்டாய். என் பங்கு இப்போதாவது என்னிடம் வந்து சேரட்டும். யாரோ இப்போதுதான் வாசலில் நின்று "வருமா அண்ணாத்தே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "வந்தாலும் வரும்" என்றேன். சொன்ன பிறகுதான் குரல் உன்னுடையதாகக் கேட்டது.

கையில் தார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாக்கியம் மண்ணெண்ணெய் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தேய்க்க மனம் வரவில்லை. கவிழ்க்கக் கூடை இல்லாமல் கோழிகள் என் காலைச் சுற்றுகின்றன.

ஒன்றுதான் மச்சான், எனக்கு ஆறவில்லை. உன் வீட்டிலிருந்து கலங்கலுக்குப் போக என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்தக் காலையில் கடப்பாறையோடும் கூடையோடும் நீ என் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாய். உள்ளே நான் விழித்துத்தான் இருந்தேன். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கயிற்றோடு வந்திருப்பேன். நீ தட்டவில்லை. அன்றிலிருந்து ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.